கணவர் தரும் சிறுநீரகத்தை மனைவியின் உடல் ஏன் விரட்டுகிறது?

ஹட்டன் பக்கத்து லயத்து வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். புது ஆள் வந்தால் குரைக்கும். முன்பு கல்லெறிந்தவர் வந்தாலோ, நேரே காலைக் கவ்வும். நம் நோயெதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான்.

வயிற்றுப் பிள்ளையின் உயிரணுக்களில் பாதி அடையாளம் அப்பாவுடையது. அவற்றில் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலக்கும். சில தாய்மாரின் உடல் அந்த அடையாளத்தின் வாசனையைப் பிடித்து ஆயுதம் செய்து வைத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வருடங்கள் கழித்து அதே வாசனையோடு கணவரின் சிறுநீரகம் வந்தால்? கவ்வல்தான். சிலவேளை நிமிடக் கணக்கில்!

பிரசவம் மட்டுமா? இரத்தசோகைக்கு ஏற்றிய இரத்தமும், முன்பு பொருத்திய சிறுநீரகமும் இதே நினைவை விதைக்கலாம்.

சிறுநீரகம் பொருத்துவதில் 1954இல் பொஸ்டனில் முதல் வெற்றி கிட்டியது, அச்சொட்டான இரட்டைச் சகோதரர்களுக்கிடையே. ஒரே வாசனை, நாய் குரைக்கவில்லை.

மற்றவர்களிடம் அந்தப் பழைய நினைவு இருக்கலாம். அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன்பே நாயை மோப்பம் பிடிக்க விடுகிறார்கள். கொடுப்பவரின் உயிரணுக்களோடு பெறுபவரின் இரத்தநீரைக் கலந்து பார்ப்பார்கள். தாக்கினால், பெரும்பாலும் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான்.

பொருத்திய பிறகும் நாயை மாத்திரைதான் தூங்கவைக்கிறது, தவறவிட்டால் விழித்துவிடும்.

கண்டி வைத்தியசாலைக்குப் போகிறீர்களா? எத்தனை பிரசவம், கலைந்த கரு உண்டா, எப்போது இரத்தம் ஏற்றினார்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.