உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிக்குள் ஒண்டுக்குடித்தனம்

★ பெங்களூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர், அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்பார்: "காவேரித் தண்ணியா, போர் தண்ணியா?" மீன் வாங்கக் கிளம்புகிறவரும் முதலில் அதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். காவேரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் ஓடி, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நகருக்குள் வருகிறது. ஆற்று நீர் என்பதால் போர் நீரைவிட மென்மையானது. போர் தண்ணீர் பாறை இடுக்கில் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் இந்தக் கடின நீரில் கொழுகொழுவென்று வளரும். அமேசான் பக்கத்து நியான் டெட்ராவுக்கோ மென்னீர்தான் பிறந்த வீடு. கடையில் அடுத்தடுத்த தொட்டிகளில் நீந்துகின்றன என்பதற்காக மோலியையும் டெட்ராவையும் சம்பந்தி ஆக்கிவிடாதீர்கள்.

★ தண்ணீரைச் சோதிக்கக் கருவி இல்லையா? வெந்நீர் போடும் கெட்டிலைத் திறந்து பாருங்கள். அடியில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை ஏடு படிந்திருந்தால், உங்கள் வீட்டுக்கு மோலி.

★ "அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிடுகிறேன்" என்பவர்கள் உண்டு. அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்புகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. போர் தண்ணீரைக் கொஞ்சம் மென்மையாக்கக் கலந்துகொள்ளலாம். தனியாக ஊற்றினால் மீன் தாங்காது.

★ 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி கொள்வது சுமார் 56 லிட்டர். அடியில் கூழாங்கல், மேலே நாலு விரல் இடைவெளி போனால் நாற்பத்தைந்துதான் மிஞ்சும். இதில் யார் யார் குடியிருக்கலாம்? காவேரி வீடு என்றால் நியான் டெட்ரா 8, தரையைத் துழாவும் சிறிய கோரிடோரஸ் 6, ராஜாவாக ஒரே ஒரு ஹனி கௌராமி. போர் வீடு என்றால் ஆண் கப்பி 6, பிளாட்டி 3. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்பது என் கட்சி. "இன்னும் ரெண்டு போடலாம் சார், தாங்கும்" என்று கடைக்காரர் சொல்வார். மாதக் கடைசியில் வலை போட்டு எடுக்கப்போவது அவரில்லையே!

★ கப்பியில் ஏன் ஆண் மட்டும்? பெண் கப்பி சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை இணை சேர்ந்தால் போதும், ஆணின் விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு பல மாதங்கள் ஈன்றுகொண்டே இருக்கும். "பெண் மட்டும் வாங்கினேன், ஆனாலும் குட்டி வருகிறதே" என்று திகைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

★ வரிக்குதிரைக் கோடு போட்ட டேனியோவுக்குப் பெயர் வைத்தவர் பெங்களூர் வழியாகப் போனவர். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-ல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கன்னடம், மலபார் சீமைகளைச் சுற்றிப் பார்த்து எழுதியவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர். பின்னாளில் ஹாமில்டன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். கங்கை மீன்களைப் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில்தான் இந்தக் குட்டி மீனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று அதே மீன் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் மூளை ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. வீட்டுத் தொட்டிக்கும் அது நல்ல பிள்ளைதான். 18 டிகிரிக் குளிரையும் தாங்கும். ஆனால் ஓயாமல் ஓடும் குணம். ஆறு பேராவது சேர்ந்திருந்தால் தங்களுக்குள் துரத்தி விளையாடும். ஒன்றிரண்டாக விட்டால் பக்கத்து வீட்டு நீளவால்காரரைத் துரத்தும்.

★ பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ், 1884 ஜனவரி 13 அன்று. அவ்வளவு குளிர் இப்போது இல்லை. இருந்தாலும் ஜனவரி இரவில் தொட்டி நீர் சில்லிட்டுவிடும். இங்கே விற்கும் வண்ணமீன்களில் பல சென்னைக் கொளத்தூர்ப் பண்ணைகளிலிருந்து வருகின்றன. கொளத்தூர் வெயிலில் வளர்ந்த ஃபைட்டர் மீனைப் பையிலிருந்து அப்படியே பெங்களூர்த் தண்ணீரில் கவிழ்த்தால், உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப்புள்ளி நோய் வர வாய்ப்பு அதிகம். பையை முதலில் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் 50 வாட் ஹீட்டர் இந்தத் தொட்டிக்குப் போதும்.

★ தங்கமீன் இதற்கு நேர்மாறு; அதற்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். வளர்ந்தால் அரை அடிக்கு மேல் போகும், கழிவும் தாராளம். கப்பியோடு போட்டால், வாய்க்குள் நுழையும் குட்டியை விழுங்கவும் தயங்காது. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் தங்கமீன் என்பது சினிமாவுக்கு அழகு.

★ "தொட்டியைச் சுத்தம் பண்ணும், ஒண்ணு போடுங்க" என்று இலவச இணைப்பு போலத் தரப்படும் சக்கர் மீன், வாங்கும்போது விரல் நீளம். சில ஆண்டுகளில் ஒரு முழத்தைத் தொடும். பாசியைத் தின்னும், சரி. ஆனால் தின்றதைவிடக் கூடுதலாக அசுத்தம் செய்கிறதோ என்று தோன்றும். இடம் போதவில்லை என்று அல்சூர் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். ஆந்திராவில் இப்படிப் பரவிய சக்கருக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர், பேய் மீன்.

★ டைகர் பார்ப் ஒரு தொட்டியில் இரண்டு மூன்றாக இருந்தால் ரவுடி. எட்டுக்கு மேல் இருந்தால் சண்டையைத் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். அப்போதும் ஃபைட்டரோடு சேர்க்கக் கூடாது. பெயரில் மட்டும்தான் அது ஃபைட்டர். தோகை போன்ற துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத பாவம் அது. தாய்லாந்து 2019-ல் அதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.

★ ஏஞ்சல் மீனும் நியானும் ஒரே ஆற்று வட்டாரத்தவை. அதனாலேயே ஏஞ்சலுக்கு நியானின் ருசி தெரியும். குட்டியாக வாங்கினால் ஆறு மாதம் சமாதானம். பிறகு காலையில் எழுந்து எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும்.

★ நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்கள்? 'மிஸ் கேரளா' என்று கொண்டாடப்படும் சிவப்புக்கோடு பார்ப் கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மட்டுமே உள்ளது. 2013-ல் அதற்கு சஹ்யாத்ரியா என்ற தனிப் பேரினமே கொடுத்தார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் அது. கூட்டமாக, வேகமாக நீந்தும்; அரை சாண் நீளம் வளரும். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. அதே மலைத்தொடரின் பட்டாணிப் பேத்தை ஓர் அங்குலம்தான், பார்க்கக் கொஞ்சத் தோன்றும். ஆனால் அடுத்தவர் துடுப்பைக் கடித்துக் குதறும். நம் தெற்காசியாவிலிருந்து ஒருவரைத்தான் கூப்பிடலாம் என்றால் என் ஓட்டு இலங்கையின் செர்ரி பார்புக்கு: இரண்டு அங்குலம், சிவப்பு, வம்பு தும்புக்குப் போகாது.

★ வாஸ்துவுக்காக வாங்கும் ஃபிளவர்ஹார்ன் இயற்கையில் இல்லாத கலப்பினம். அது வந்த தொட்டியில் வேறு யாருக்கும் இடமில்லை. அதிர்ஷ்டம் உங்களுக்கு, பக்கத்து மீனுக்கு இல்லை.

★ தொட்டிக்கும் அட்வான்ஸ் உண்டு. ஒரு மாதப் பொறுமை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். வாங்கிய அன்றே எல்லாவற்றையும் கொட்டி, ஒரு வாரத்தில் தொட்டியைக் காலி செய்த அனுபவம் எனக்கும் உண்டு. நண்பர் வீட்டுத் தொட்டியின் அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். அதைக் குழாயில் கழுவிவிடாதீர்கள். குழாய் நீரின் குளோரின் அந்த நுண்ணுயிர்களையும் கொல்லும், மீனையும் கொல்லும்.

★ 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது, குடிநீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்குப் பாய்ச்சினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்றது பெங்களூர்க் குடிநீர் வாரியம். தொட்டியில் வாரம் கால்பங்கு நீர் மாற்றினால் பத்துப் பதினோரு லிட்டர். நைட்ரேட் கலந்த அந்தக் கலங்கல் தண்ணீர் செடிக்கு எரு. பால்கனித் துளசிக்கு ஊற்றுங்கள். டேங்கர் தண்ணீரைத் தொட்டிக்கு எடுப்பதாக இருந்தால் மட்டும் கவனம்: லோடுக்கு லோடு போர் மாறும். ஒவ்வொரு முறையும் கெட்டிலைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.