பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குதா? ப்ரெய்டட் லைன் மாற்றும் முன் இதை கவனிங்க!

ரேஸ் டிராக்கில் நாலு ரவுண்டு வேகமாக ஓட்டியதும் ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் பெடல் தொய்ந்து போகிறதா? ஸ்டீல் வலை பின்னிய 'ப்ரெய்டட்' லைன் மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். உண்மையா?

என்ன வித்தியாசம்?

பிரேக்கை அழுத்தும்போது ரப்பர் ஹோஸ் லேசாக உப்பும். ப்ரெய்டட் லைனில் உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் வலை. அதனால் உப்புவது குறையும், பெடல் கெட்டியாக இருக்கும். அவ்வளவுதான். கார் நிற்கும் தூரம் இதனால் மட்டும் குறைந்துவிடாது.

முதலில் ஆயிலைப் பாருங்க

சூடான பிறகு மட்டும் பெடல் தொய்ந்தால், பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். தர விதிப்படி புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு லைனை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

எதை வாங்கலாம்?

உங்கள் கார் மாடலுக்கென்றே செய்த செட். வலைக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் மண் புகுந்து உராயாது.

மாட்டும்போது...

* கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீங்க.
* செப்பு வாஷர்கள் புதுசாக இருக்கணும்.
* லைன் முறுக்கிக்கொள்ளக் கூடாது.
* ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயரில் உரசுதா பாருங்க.
* காற்றை முழுவதும் வெளியேற்றிய பின், பெடலை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கா பாருங்க.

உள்குழாய் பழுதானால் வலை அதை மறைத்துவிடும். அதனால் மாட்டியதோடு மறந்துடாதீங்க. அனுபவமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே பாதுகாப்பு.