பிறவிப் பிழையுள்ள காசுகள்

பூவா, தலையா என்று காசைச் சுண்டிப் பார்த்திராத மாணவர் ஒருவரும் இரார். பூவே இல்லாமல் இருபுறமும் தலையே உள்ள காசு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? ஒருபுறம் தலை புடைத்து நிற்கிறது. மறுபுறம் அதே தலை, இடவலம் மாறிக் குழிந்து கிடக்கிறது. இத்தகைய காசுகள் உண்மையிலேயே உண்டு. அவற்றை இனங்காணும் வழியையும், பழுது நேராமல் தூய்மை செய்யும் முறையையும் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

காசு பிறக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாணயசாலையில் உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வெற்று வில்லைகளை வெட்டி எடுப்பர். அவற்றின் விளிம்பை அழுத்திச் சற்றே உயர்த்துவர். பின்பு மேலச்சு, கீழச்சு என்னும் இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவர். அடித்த காசு வெளியேறிய பின்னரே அடுத்த வில்லை உள்ளே வரவேண்டும். சில வேளைகளில் அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்த வில்லை வந்து அடிபடும்போது, ஒட்டியிருக்கும் காசே அதற்கு மேலச்சாகிவிடுகிறது. குழிந்த தலை தோன்றும் வகை இதுவே. இதனைப் பிராக்கேஜ் என்பர். பண்டை உரோமானியரின் வெள்ளிக் காசுகளிலும் இப்பிழையைக் காணலாம்.

மற்றொரு பிழை, பிறைவடிவில் ஓரம் குறைந்த காசு. முன்பே வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி மீண்டும் சற்று ஏறிவிட்டால் வில்லை அவ்வாறு குறைபட்டுப் பிறக்கும். அரத்தால் அராவி இத்தகைய பிறையை உண்டாக்கி விற்போரும் உளர். அவர்களிடம் ஏமாறாதிருக்க ஒரு வழி சொல்கிறேன். குறைக்கு நேர் எதிரேயுள்ள விளிம்பைப் பாருங்கள். ஒருபுறம் குறைந்த வில்லைக்கு எதிர்ப்புறத்தில் அழுத்தம் போதிய அளவு விழுவதில்லை; ஆகவே அவ்விடத்தில் விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அராவிய காசிலோ அது முழுமையாக நிற்கும்.

பிழைபோல் தோன்றுவன எல்லாம் பிழையாகா. இராசராச சோழன் பெயர் பொறித்த காசில் உருவம் ஓரத்துக்கு விலகியிருந்தால் வியக்கவேண்டா. சம்மட்டியால் அடித்த காலத்தில் அது மிக இயல்பானது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த உரோமானியப் பொற்காசுகள் 501. அவற்றுள் மிகப் பல, பேரரசரின் முகத்தில் உளிவெட்டுப் பட்டவை. அவ்வெட்டு நாணயசாலையின் பிழையன்று. பின்னர் ஒருவர் வேண்டுமென்றே செய்தது. 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணாவின் ஓட்டையும் திட்டமிட்டு இட்டதே. அவ்வோட்டை நடுவிலிருந்து விலகியிருந்தால்தான் பிழை. 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயில், மன்னரின் அணிகலனில் இருந்த யானை பன்றிபோல் தோன்றியதால் மக்கள் மனம் புண்பட்டது. மறு ஆண்டு அவ்வுருவத்தைத் திருத்தினர். அது வரைந்தவர் கைப்பிழை, அடித்தவர் பிழையன்று.

இனிக் களிம்புக்கு வருவோம். செப்புக் காசின்மேல் பல்லாண்டுகளாகப் படியும் பழுப்பும் கரும்பச்சையுமான மெல்லிய படலத்தைப் பலர் அழுக்கென்று கருதுகின்றனர். நான் அதனைச் சாட்சி என்பேன். குழிந்த தலைக்குள்ளும் அதே படலம், அதே நிறத்தில் படிந்திருந்தால், குழி பிற்காலத்தில் எவரோ அழுத்திச் செய்ததன்று என நம்ப இடமுண்டு.

கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு காலணாவைக் கொண்டுவந்தார். பாட்டனார் பெட்டியில் கிடைத்ததாம். குழிந்த தலை மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் என்னிடம் காட்டுவதற்காகவே அதனைப் புளியிட்டுத் துலக்கியிருந்தார்! குத்துவிளக்குப்போல் பளபளத்தது. புளியின் அமிலம் களிம்பை முற்றும் கரைத்துவிட்டது. தேய்த்த கை நுண்ணிய அடிச்சுவடுகளையும் அழித்துவிட்டது. அது நாணயசாலையில் பிறந்த பிழையா, பட்டறையில் செய்த போலியா என்று என்னால் சொல்ல இயலவில்லை. அவர் முகம் வாடியதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பொடி ஆகிய எவையும் காசின் அருகே வரக்கூடாது. முதலில் காசின் இருபுறத்தையும் விளிம்பையும் படமெடுத்து, எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்றுங்கள். இளகிய மண்ணை நனைத்த ஈர்க்கின் நுனியால் மெல்லத் தள்ளுங்கள்; உலோகத்தைச் சுரண்டவேண்டா. பின்பு மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். துடைப்பது வேறு, ஒற்றுவது வேறு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசெட்டோன் நீக்கும். ஆனால் அது எளிதில் தீப்பற்றுவது. ஆசிரியர் உடனிருக்க, ஆய்வுக்கூடத்தில் மட்டுமே அதைக் கையாளவேண்டும். ஐயமிருந்தால் ஒன்றும் செய்யாதிருங்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வையும் உலோகத்தை அரிக்கும்.

ஒரு களிம்பு மட்டும் பொல்லாதது. வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் மாவாக உதிர்வது. உலோகத்திற்குள் புகுந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டே போகிறது. அத்தகைய காசை உடனே பிரித்து ஈரமற்ற பெட்டியில் வையுங்கள். வீட்டு மருத்துவம் அதற்கு உதவாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் நிறுவிய வேதியியல் காப்புக்கூடம் போன்ற இடங்களில், அந்நோயை அறிந்த வல்லுநரிடம் காட்டிக் கேளுங்கள்.