கக்டஸ் என்று விற்பதெல்லாம் கக்டஸ் அல்ல

பூச்சட்டியோடு கன்றுகளையும் விற்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு விடயம். டிக்கோயாவில் என்னிடம் வரும் வாடிக்கையாளர்கள் தூண் போல் நிமிர்ந்த செடியைக் காட்டி, "நானா, இது அசல் கக்டஸா?" என்று கேட்பதுண்டு. கொள்வனவின்போதே கவனித்தால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

முதலில் முள்ளைப் பாருங்கள். கக்டஸில் பஞ்சு போன்ற சிறு மெத்தையிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். நமது வரண்ட பிரதேசச் சதுரக்கள்ளியில், அதாவது சிங்களவர் தளுக் என்பதில், அந்த மெத்தை கிடையாது. முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். அது யூபோர்பியா குடும்பம். ஆபிரிக்காவிலிருந்து வந்த மூன்று பட்டைச் செடியும் அதே குடும்பமே.

அடுத்து, அடிப்பக்கத்தில் ஊசியால் குத்துங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் யூபோர்பியா. தூண் கக்டஸில் நிறமற்ற நீரே கசியும். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலும் புண்ணாகும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

அசல் கக்டஸிலும் பெயர்க் குழப்பமுண்டு. 'சீரியஸ் பெருவியானஸ்' என்ற அட்டையோடு வருபவற்றில் பல, பெரு நாட்டுக்கே உரியவை அல்ல. பிரேசில், ஆர்ஜென்டினா பக்கத்து இனம். சீரியஸின் பூக்குழாய் வழுவழுப்பானது. பூக்குழாயில் உரோமம் இருந்தால் அது வேறு இனம். அவ்வகையைச் சேர்ந்த சான் பெட்ரோவில் மெஸ்கலின் என்ற போதைப்பொருள் உண்டு. தெரியாமல் விற்றால் நமது கடைக்கே அவப்பெயர்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் இன்னும் கவனிக்க வேண்டும். கக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இலங்கை அதில் 1979இல் இணைந்தது. அனுமதிப்பத்திரத்தில் ஒரு பெயரும் பெட்டிக்குள் வேறு செடியும் இருந்தால் சரக்கு தடைபடலாம்.

பெயர் மாறினால் என்னவாகும் என்பதற்குப் பழைய பாடமொன்றுண்டு. 1795இல், விலை உயர்ந்த சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி என நம்பி, பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வேறோர் இனம் கொண்டுவரப்பட்டது. எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. அது சப்பாத்திக்கள்ளியைத்தான் அழித்தது. 1860களில் அந்த வேலைக்காகவே இலங்கைக்கும் அது கொண்டுவரப்பட்டது.

ஆகவே, பற்றுச்சீட்டில் செடியின் பெயரை எழுதி வாங்குங்கள். சந்தேகமானால் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் காட்டிக் கேளுங்கள். அதுவரை 'கள்ளி வகை, பெயர் உறுதியில்லை' என்று எழுதி வைத்தே விற்கலாம். உண்மை எழுதிய அட்டையால் வாடிக்கையாளர் குறையமாட்டார்.