நடுச்சுவரில் ஒரு வாயில்

புதிய வீடு கட்டும்போது கொத்தனாரிடம் நூறு கேள்வி கேட்கிறோம். செங்கல் எந்தச் சூளையது, கலவை எத்தனைக்கு எத்தனை, கம்பி எந்தப் பருமன் என்றெல்லாம் துருவி விசாரிக்கிறோம். அதே வீட்டில் பிற்பாடு ஒரு சுவரை உடைக்க நேரும்போதோ ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கட்டுவதற்குத்தான் கணக்கு வேண்டும், இடிப்பதற்குச் சம்மட்டி போதும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. செவ்வாப்பேட்டையிலுள்ள நமது இல்லத்திலும் இவ்வெண்ணத்துடனேயே வேலை தொடங்கிற்று. அதனால் பட்டதை அங்கத்தினர்களுக்குக் கூறுவது பயன் தரும் எனக் கருதி எழுதுகிறோம்.

வீடு பழையது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர், மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை. கூடத்திற்கும் பின்னறைக்கும் நடுவே வாயில் கிடையாது. பின்னறையில் வயது முதிர்ந்த நம் அன்னையார் இருக்கிறார். அவர் சமையற்கட்டுக்கோ குளியலறைக்கோ செல்வதானால் தாழ்வாரத்துக்கு இறங்கிச் சுற்றி வரவேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நடுச்சுவரில் ஒரு வாயில் வைத்துவிட்டால் பத்தடி தூரமே என்று அன்றே தீர்மானித்தோம்.

வந்த கொத்தனார் ஒரு நாள் வேலை என்றார். சுவரின் நட்டநடுவே கரிக்கோடு இழுத்து, இடுப்புயரத்தில் சம்மட்டியால் அடிக்கலானார். நடுப்பகலில் ஆள் நுழையும் அளவுக்குத் துவாரம் விழுந்தது. மாலையில் அடிப்பதை நிறுத்திய பின்னரும் மேலிருந்து செங்கற்கள் ஒவ்வொன்றாகத் தாமே உதிர்ந்துகொண்டிருந்தன. துவாரத்தின் மேல்மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் ஏறிய ஒரு விரிசல் உத்தரத்தின் அடிவரை சென்றிருந்தது. விளக்கு வைத்த நேரத்தில் ஓட்டின் இடுக்கிலிருந்து தூசி கொட்டிற்று. அடுத்த தெருவிலுள்ள முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்தோம். அவர் சுவரைப் பார்க்கவேயில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "உத்தரத்து முனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்றார். பார்க்கவில்லை. நாம் வாயில் குறித்த இடத்திற்கு நேர் மேலேதான் அது உட்கார்ந்திருந்தது.

இரண்டு பனங்கட்டைகளைச் சுவரின் இருபுறமும் உத்தரத்திற்கு முட்டுக்கொடுத்து, அடியில் பலகையிட்டு ஆப்பு இறுக்கினார். அன்னையாரை அண்டை வீட்டில் படுக்க வைத்தோம். அன்றிரவு வீட்டில் எவரும் உறங்கவில்லை.

பாரம் எவ்வாறு இறங்குகிறது என்பதை அவர் மறுநாள் விளக்கினார். நல்ல சாந்தில் கட்டிய சுவரில் ஒரு திறப்பு உண்டானால், அதற்கு மேலுள்ள செங்கல் முழுவதும் கீழே தொங்குவதில்லை. இருபுறத்துச் செங்கற்களும் ஒன்றையொன்று தாங்கி, கண்ணுக்குத் தெரியாத வளைவுபோல் பாரத்தைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடுகின்றன. திறப்பின் அகலத்தை அடியாகக் கொண்ட ஒரு முக்கோண அளவு செங்கல் மட்டுமே விட்டத்தின் மேல் உட்காரும். அம்முக்கோணத்திற்குள் உத்தரமோ, குத்துக்காலோ, மாடித் தளத்தின் பாரமோ வந்து விழுந்தால் கணக்கு முற்றும் மாறிவிடும். மண் சாந்துச் சுவரிலோ இவ்வளைவு எளிதில் அமைவதில்லை. ஒரு பல் ஆடினால் வரிசை முழுவதும் ஆடுவது போலத்தான்.

ஆதலின் முதலில் அறியவேண்டியது, சுவர் பாரம் தாங்குவதா, வெறும் தடுப்பா என்பது. பூச்சுடன் பத்து அங்குலம் இருந்தால் அது ஒன்பது அங்குலச் சுவர். பெரும்பாலும் பாரச்சுவராகவே இருக்கும். ஐந்தரை, ஆறு அங்குலமானால் நாலரை அங்குலத் தடுப்பு. தடுப்புச் சுவரென்று அலட்சியம் செய்வதற்கும் இல்லை. நாளடைவில் தொய்ந்த உத்தரம் அதன்மேல் இறங்கி உட்கார்ந்திருக்கக்கூடும். தூணும் குறுக்கு விட்டமும் கான்கிரீட்டில் அமைந்த இக்காலத்து வீடுகளில் இடையிலுள்ள செங்கலை எடுக்கலாம்; தூணிலும் விட்டத்திலும் உளி படலாகாது. 2017ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மும்பை காட்கோபரில் ஒரு மாடிக் கட்டடம் இடிந்து 17 பேர் மாண்டனர். அப்போது தரைத்தளத்தில் மாற்று வேலைகள் நடந்துகொண்டிருந்தன. தூண்களைச் சிதைத்ததே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது.

நம் வீட்டில் வாயிலை மூன்றடி தள்ளி வைத்தோம். பழைய துவாரத்தைச் சிமெண்டுச் சாந்தில் பல்கோத்து அடைத்தோம். மூலையிலிருந்தும், ஜன்னல் ஓரத்திலிருந்தும் இரண்டடியாவது விலகியிருக்குமாறு மேஸ்திரி பார்த்துக்கொண்டார்.

இனி அவர் வேலை செய்த முறையைச் சொல்ல வேண்டும். வாயிலை உடைக்குமுன் விட்டத்தை ஏற்றிவிட்டார். மூன்றடித் திறப்புக்கு, இருபுறமும் ஒன்பது அங்குலம் சுவரில் உட்காரும்படி, நாலரை அடி நீளத்தில் இரண்டு கான்கிரீட் விட்டங்களைத் தரையிலேயே வார்த்தார். ஒவ்வொன்றும் சுவரின் பாதிப் பருமன். ஈரச் சாக்குப் போர்த்தி இரண்டு வாரம் காயவிடாமல் வைத்திருந்தோம். கம்பி அடிப்புறத்தில் இருப்பதால், மேற்புறம் எதுவென்று ஈரக் கான்கிரீட்டிலேயே ஆணியால் கீறி வைத்தார். தலைகீழாக ஏற்றிய விட்டம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பாரம் ஏறினால் பிளந்துவிடும். எத்தனை வீடுகளில் இப்பிழை நிகழ்ந்ததோ!

பிறகு சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும், பாதிப் பருமனுக்கு, விட்டம் புகும் அளவுக்குக் கிடையாக வெட்டி முதல் விட்டத்தைச் செருகினார். மேலேயுள்ள இடைவெளியில் ஒன்றுக்கு மூன்று சாந்தைச் சற்றே ஈரமாகப் பிசைந்து, கல் சில்லுகளுடன் இடித்து நிரப்பினார். இங்கே பொள்ளல் இருந்தால் சுவர் அந்த அளவு இறங்கித்தான் விட்டத்தைத் தொடும். விரிசலும் உடன் வரும். சில நாள் இறுகவிட்டு மறுபக்கத்தில் இரண்டாவதையும் ஏற்றினார். அதன் பின்னரே விட்டத்தின் கீழிருந்து செங்கல்லை மேலிருந்து கீழாக, உளியும் சிறு சுத்தியலும் கொண்டு எடுத்தார். சம்மட்டி கொல்லையிலேயே கிடந்தது. பக்க ஓரங்களைச் சிமெண்டுச் சாந்தில் திருத்திக் கட்டி, நிலையை நிறுத்தி, எல்லாம் இறுகிய பின் முட்டுக்களைத் தளர்த்தினார்.

உடைக்குமுன் மின்சார மெயினை நிறுத்துவதும், மூக்கையும் வாயையும் நன்கு மூடிக்கொள்வதும் அவசியம். செங்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நெசவு அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கங்களில் விசைத்தறி ஓடும் கூடமும் குடியிருக்கும் அறையும் ஒரே சுவரால் பிரிந்திருக்கும் வீடுகள் உண்டு. அச்சுவர் நாள் முழுவதும் அதிர்வது. அதில் வாயில் வைப்போர் முட்டையும் விட்டத்தையும் இன்னும் கவனமாகச் செய்யவேண்டும். வேலை முடிந்து இறுகும்வரை தறியை நிறுத்திவைப்பதே உத்தமம். கூலி நஷ்டமாகும் என்பதை அறிவோம். வாயிலுக்கு நெருங்கப் பொருந்தும் கதவும் வேண்டும். இல்லையேல் பஞ்சுத்தூசியும் இரைச்சலும் தொட்டிலில் உறங்கும் குழந்தைவரை செல்லும். நெல் மூட்டை அடுக்கும் அறையானால், தோளில் மூட்டையோடு ஆள் திரும்பும் அகலத்தை முன்னதாகவே அளந்துகொள்ளலாம். வாயில்கள் நேருக்கு நேர் அமையவேண்டும் என்று வாஸ்து சொல்வோர் உண்டு. நாம் அதில் வாதாட வரவில்லை. காற்று நன்றாக வருகிறது.

இரும்புத் திருகு முட்டுகள் நான்கு கையிலிருந்தால் அந்த முதல் இரவே நேர்ந்திராது. வாடகைக்கு எடுக்க வெகுதூரம் போகவேண்டியிருப்பதால்தான் முட்டில்லாமல் உடைக்கிறார்கள். மருந்து தெளிப்பான்களை அங்கத்தினர்க்கு வாடகைக்குத் தரும் சங்கங்கள், எட்டு முட்டுகளையும் வாங்கி வைத்துத் தரலாகாதா? நம் ஊருக்கு அருகிலுள்ள திரூரில்தான் 1904ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து முதல் கிராமக் கடன் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. இந்த யோசனையை நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறோம்.

புதிய வாயிலுக்கு நாம் வாசற்படி வைக்கவில்லை. இரு அறைத் தரையையும் ஒரே மட்டமாக்கி, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கட்டையும் பொருத்தியிருக்கிறோம். அன்னையார் இப்போது பத்தடியில் சமையற்கட்டுக்கு வந்துவிடுகிறார். தாளிக்கும் நெடி தம் அறைவரை வருகிறதென்று குறை சொல்கிறார். கதவைச் சாத்தவா என்றால் வேண்டாம் என்கிறார்.