எங்கே நீர், எங்கே மரம், எங்கே தீ? ஸ்காட்லாந்து மலைகளின் கேள்வி

ஆகஸ்ட் மாதத்தில் ஸ்காட்லாந்தின் மலைச்சரிவுகள் ஊதா நிறத்துக்கு மாறிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஹெதர் புதர்கள் பூத்துக் குலுங்கும். இது மனிதக் கை படாத இயற்கை என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால், இந்த மலைகளின் இன்றைய தோற்றத்தில் மேய்ச்சலுக்கும் மான்களுக்கும் தீக்கும் வடிகால்களுக்கும் பெரும் பங்கு உண்டு. இவற்றை இனி எப்படிப் பராமரிப்பது என்ற விவாதம் அங்கே சூடுபிடித்திருக்கிறது.

பீட் நிலம் என்பது என்ன?

இந்த மலைகளில் ஓயாத மழை, குளிர், நீர் தேங்கிய மண். இந்தச் சூழலில் செத்த தாவரங்கள் முழுமையாக மக்குவதில்லை. அவை அடுக்கடுக்காகப் படிந்து பீட் என்னும் கரிய மண்ணாகின்றன. ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். இதை உருவாக்கும் முதன்மைத் தாவரம் ஸ்பேக்னம் பாசி. தன் உலர் எடையைப்போல 20 மடங்குவரை நீரைப் பிடித்து வைக்கக்கூடியது அது.

சத்தே இல்லாத இந்த மண்ணில் டிரோசெரா என்ற பூச்சியுண்ணும் செடி பிழைத்துக்கொள்கிறது. விரல் நகம் அளவே உள்ள இலை. அதன் மேல் சிவந்த முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியிலும் பசைத்துளி. சிறு கொசு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால், முடிகள் மெல்ல வளைந்து அதை மூடுகின்றன. மண் தராத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து செடி எடுத்துக்கொள்கிறது.

ஸ்காட்லாந்து நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பீட் நிலமே. வடகோடியில் உள்ள ஃப்ளோ கன்ட்ரி பகுதியை 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பீட் சதுப்புக்காக அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் அதுதான். இந்த மண் காய்ந்தால், பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கார்பன் காற்றில் கலந்துவிடும்.

ஹெதரை ஏன் எரிக்கிறார்கள்?

ரெட் கிரவுஸ் என்ற பறவை ஹெதரின் இளந்தளிரைத் தின்று, முதிர்ந்த புதரில் கூடு கட்டும். இரண்டும் அருகருகே இருந்தால் பறவை பெருகும். அதனால் இந்தப் பறவையை வேட்டையாடும் பண்ணைகளின் காவலர்கள் புதர்களைப் பட்டை பட்டையாகச் சுழற்சி முறையில் எரிக்கிறார்கள். ஆகஸ்ட் 12-இல் வேட்டைப் பருவம் தொடங்குகிறது.

எரிப்பதால் காட்டுத்தீ அபாயம் குறைகிறது, ஊர்ப்புற வேலைவாய்ப்பு நிலைக்கிறது என்கிறார்கள் ஆதரவாளர்கள். பாசி கருகி, பீட் காய்ந்து, கார்பன் வெளியேறுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2024-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், எரிப்பதற்கு உரிமம் பெற வேண்டும் என்கிறது. 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள பீட்டில் இயற்கை மீட்பு, காட்டுத்தீத் தடுப்பு, ஆய்வு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும்.

ஓடைகளுக்கு என்ன பாதிப்பு?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மேய்ச்சல் நிலத்தைப் பெருக்க அரசு மானியத்தோடு சதுப்புகளில் வடிகால்கள் வெட்டப்பட்டன. மழைநீர் மண்ணில் தங்காமல் ஓடைக்குப் பாய்ந்தது. கூடவே போன பீட் துகள்கள், சால்மன் மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகைகளை அடைத்தன. நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடிய நன்னீர் முத்துச்சிப்பியையும் இது பாதிக்கிறது. அதன் குஞ்சுகள் இளம் சால்மன், ட்ரவுட் மீன்களின் செவுள்களில் ஒட்டித்தான் வளர முடியும். கரையில் முளைக்கும் கன்றுகளை மான்களும் ஆடுகளும் மேய்ந்துவிடுவதால், நிழலற்ற ஓடைநீர் கோடையில் சூடேறுகிறது. பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக 2023-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) அறிவித்தது.

மீட்க முடியுமா?

முடியும். வடிகால்களைப் பீட் மண்ணாலேயே அடைத்தால் நீர்மட்டம் உயர்ந்து பாசி திரும்புகிறது. 2030-க்குள் இரண்டரை லட்சம் ஹெக்டேரை இப்படி மீட்க ஸ்காட்லாந்து அரசு இலக்கு வைத்தது. மரங்களும் திரும்புகின்றன. கிரேக் மெகி மலையில் 1980-களின் நடுவிலிருந்து மான்களின் எண்ணிக்கையைக் குறைத்ததும் பிர்ச் மரங்கள் தாமாகவே முளைத்தன. தெற்கே காரிஃபிரான் பள்ளத்தாக்கில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நடவு தொடங்கியது. எந்த மரங்களை நடுவது என்பதற்கு, பீட்டில் புதைந்து கிடந்த பழங்கால மகரந்தத்தூள் வழிகாட்டியது.

அதற்காக எங்கும் மரம் நடுவது தீர்வாகாது. 1980-களில் வரிச்சலுகைக்காக ஃப்ளோ கன்ட்ரி சதுப்பை உழுது ஊசியிலை மரங்களை நட்டார்கள், சதுப்பு காய்ந்தது. இப்போது அந்த மரங்களையே வெட்டி அகற்றுகிறார்கள்.

பீட் ஆழமாக உள்ள இடத்தில் நீர் தேங்க வேண்டும். அங்கே தீக்கும் நடவுக்கும் இடமில்லை. ஓடைக்கரையிலும் பீட் மெலிந்த சரிவிலும் மரம் எழ வேண்டும். அதற்கு மான்கள் குறைய வேண்டும். மண்ணின் ஆழத்தை அளந்துவிட்டு முடிவெடுப்பதே இந்த மலைகளைக் காக்கும் வழி.