பழைய வேனை கேரவனாக்க ஆசையா? பாறசாலை எல்லையில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம்தான்

உங்களுக்கு களியக்காவிளை பக்கம் வீடு, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை என்று வைத்துக்கொள்வோம். தினமும் இஞ்சிவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் போய் வருகிறீர்கள். சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒரு பழைய மெட்டடார் வேன் நிற்கிறது. உள்ளே ஒரு கட்டில், சின்ன அடுப்பு, மேலே சோலார் பேனல் வைத்தால் வாகமண், மூணார் என்று வார இறுதியில் கிளம்பிவிடலாமே என்று மனசு கணக்கு போடுகிறது.

விலை கேட்டால் குறைவாகத்தான் சொல்கிறார்கள். "பேப்பரெல்லாம் பொறவு சரியாக்கலாம் மக்களே" என்கிறார் புரோக்கர்.

பலருடைய சேமிப்பு மாட்டிக்கொள்வது அந்த 'பொறவு' என்ற இடத்தில்தான். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துவிடலாம். ஆனால் ஆர்.சி.யில் இருக்கும் ஓட்டையை எந்தப் பட்டறையிலும் அடைக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

இந்த எல்லையில் என்ன சிக்கல்?

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. அதனால்தான் இங்கே ஒரே குடும்பத்தின் வீடு தமிழ்நாட்டிலும் கடை கேரளத்திலுமாக இருப்பது சாதாரணம். பனச்சமூடு போன்ற ஊர்களில் சந்தைக்குப் போய் வருவதற்குள் மாநிலம் மாறிவிடும்.

பேச்சும் உறவும் எல்லை பார்ப்பதில்லை. மோட்டார் வாகனத் துறை பார்க்கும். பாறசாலை அலுவலகத்தின் வண்டி எண் கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்கு கே.எல். 20. சில கிலோமீட்டர் தள்ளி மார்த்தாண்டத்தில் அது டி.என். 75. இந்த எண் மாறும்போது வரி, கட்டணம், படிவம் எல்லாம் மாறும்.

வண்டியை வழக்கமாக எங்கே நிறுத்தி வைக்கிறீர்களோ அந்த மாநிலத்தில்தான் பதிவு இருக்க வேண்டும். வேறு மாநில எண்ணுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. களியக்காவிளை வீட்டு முற்றத்தில் நிற்கும் டி.என். வண்டியில் வார இறுதிக்கு கேரளம் போய் வருவதில் பிரச்னை இல்லை. அதே வண்டியை பாறசாலையில் ஷெட் எடுத்து ஒன்றரை வருடம் வைத்திருந்தால் கதை வேறு.

'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாமா?

விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டுமே விண்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். 10 வருடம் செல்லும்.

ஆனால் இதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அதோடு, கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

அதாவது, கட்டில் போட்டு ஊர் சுற்ற நினைப்பவருக்கு விண்டேஜ் பதிவு உதவாது. உங்களுக்குத் தேவை சாதாரணப் பதிவுதான்.

கேரவனாக மாற்றுவது சட்டப்படி சரியா?

'தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் அல்லது ட்ரெய்லர்' என்ற வகையே மத்திய அரசின் 2004 அறிவிப்பில் இருக்கிறது. எனவே கேரவன் வைத்திருப்பது தப்பில்லை. அனுமதி இல்லாமல் வேறு வண்டியை கேரவனாக மாற்றுவதுதான் தப்பு.

ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாநில விதியைக் காட்டி வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று அப்போது தெளிவாகிவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"யாரும் கண்டுக்க மாட்டாங்க ப்ரோ" என்று சொல்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூட்யூபர் சகோதரர்கள் இருவரின் கேரவன் வேனை, விதிமீறி மாற்றியமைத்ததாகச் சொல்லி மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடந்த தகராறில் அவர்கள் கைதானார்கள்.

அப்படியானால் இருக்கும் வழிகள் மூன்று:

- ஆர்.சி.யிலேயே 'கேம்பர் வேன்' அல்லது 'மோட்டார் கேரவன்' என்று உள்ள வண்டியை வாங்குவது. விலை கூடுதலாக இருக்கும், ஆனால் தலைவலி குறைவு.
- முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி மாற்றுவது. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி கட்டித் தரும் அங்கீகாரம் தங்களுக்கு இருக்கிறதா என்று பாடி கட்டுபவரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றியபின் 14 நாளுக்குள் அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும்.
- வண்டியைத் தொடாமல், கழற்றி மாட்டும் பொருள்களோடு நிறுத்திக்கொள்வது. மடக்குக் கட்டில், கையில் தூக்கிப் போகும் அடுப்பு, பேட்டரிப் பெட்டி போன்றவை. சீட்டை நிரந்தரமாகக் கழற்றினால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையோடு முரண்படும் என்பதை மறக்க வேண்டாம்.

காரின் பின்னால் இழுக்கும் ட்ரெய்லர் என்றால்?

அமெரிக்க வீடியோக்களில் பார்க்கும் வெள்ளி நிற ட்ரெய்லர்களைக் கப்பலில் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயன்படுத்திய வாகனங்களை இறக்குமதி செய்ய இந்தியாவில் கட்டுப்பாடுகள் கடுமை. பழைய கார் என்றாலே பொதுவாக 3 வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது.

உள்ளூரில் கிடைக்கும் ட்ரெய்லருக்கும் சேஸிஸ் எண், தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்து, எந்த ஒப்புதலும் இல்லாத ட்ரெய்லரைப் பின்னால் பதிவு செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். குறிப்பிடவில்லை என்றால் தயாரிப்பாளரிடம் கேட்காமல் கொக்கி மாட்ட வேண்டாம்.

எல்லை தாண்டி வாங்கினால் என்னென்ன படிவம்?

மார்த்தாண்டத்தில் டி.என். 75 வண்டியை வாங்கி, பாறசாலையில் வைக்கப் போகிறீர்கள் என்றால்:

1. விற்பவர் படிவம் 28 மூலம் தன் அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். வரி, அபராத பாக்கி, திருட்டு வண்டியா என்ற சரிபார்ப்பு எல்லாம் இங்கேதான் வெளியே வரும்.
2. வங்கிக் கடன் இருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அதை நீக்க வேண்டும்.
3. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30.
4. கேரள எண்ணுக்குப் படிவம் 27, கூடவே கேரள வரி.
5. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

கேரளத்தில் வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தாலும் இதே வரிசைதான்.

வண்டி மஞ்சள் போர்டு, அதாவது டாக்ஸியாகவோ டெம்போவாகவோ ஓடியது என்றால் இன்னும் கவனம் தேவை. பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும், தனியார் வகைக்கு மாற்ற வேண்டும். கேரள வண்டிகளில் மோட்டார் தொழிலாளர் நலநிதி பாக்கியும் சில நேரம் தலைகாட்டும்.

வயதான வண்டிக்குக் கட்டணம் எவ்வளவு?

தனியார் வாகனத்தின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய இலகுரக வாகனங்களுக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ.10,000 ஆக்கப்பட்டது. மாநில வரி தனி. 15 வருடம் தாண்டிய தனியார் கார்களுக்கான வரியை 2025-ல் கேரளம் 50% உயர்த்தியது.

பலர் கவனிக்காதது தாமதக் கட்டணம். மத்திய விதிப்படி, புதுப்பிக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ரூ.500. ஆர்.சி. முடிந்து 6 வருடம் ஷெட்டில் கிடந்த வண்டி என்றால் 72 மாதம், ரூ.36,000. மலிவாகக் கிடைத்தது என்று நீங்கள் நினைத்த லாபத்தில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். அதனால் விற்பவர் பெயரிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். பாக்கியை யார் கட்டுவது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி முடியுங்கள்.

வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

காகிதம் சரி என்று தெரிந்தபிறகு ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

- துரு: பூவார், கொல்லங்கோடு போன்ற கடலோரத்தில் நின்ற வண்டியை உப்புக் காற்று உள்ளிருந்தே தின்றிருக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.
- சேஸிஸ் எண்: ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தும் பொருந்த வேண்டும். துரு நீக்கும்போது கிரைண்டர் அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று டிங்கரிங் செய்பவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். எண் அழிந்தால் ஆய்வில் வண்டி நிற்கும்.
- ஒழுகல்: இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. கூரையில் ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டு, உள்ளே உட்கார்ந்து பாருங்கள்.
- டயர்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் வெடிக்கும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

சேஸிஸும் பிரேக்கும் முதலில், அடுத்து வயரிங், பிறகு தரையும் கூரையும். கட்டில், பெயிண்ட் எல்லாம் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, இன்ஸ்டாவில் படம் போட்டபிறகு பிரேக்குக்காகத் தரையைப் பிரிக்கிறார்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

தரைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போடுவது நல்லது. மின்சாரத்துக்கு ஒரு கணக்கு: 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-ஹவர் இருக்கும். சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 650, ஃபேன் 160, விளக்கு 50, லேப்டாப் 4 மணி நேரம் ஓடினால் 240. மொத்தம் 1,100. ஒரு நாள் ஓட்டலாம். ஏ.சி. வேண்டும் என்றால் இந்தக் கணக்கு போதாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே காற்றுத் துளை தரையை ஒட்டி இருக்க வேண்டும். ஜன்னல் மட்டும் போதாது. கதவருகே ஒரு தீயணைப்பானும் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், தண்ணீர் நிரப்பி எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். 60 லிட்டர் தண்ணீரே 60 கிலோ. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். விபத்து நடந்தால், தெரிவிக்காத மாற்றங்களைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது உங்கள் வண்டி மட்டுமல்ல, எதிரே வந்தவர் குடும்பத்துக்கான இழப்பீடும் உங்கள் தலையில் விழலாம்.

வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ. கட்டலாமா?

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட முடியாது. கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளா' கொள்கையை அறிவித்து, வாகமணில் கேரவன் பூங்காவும் வந்தது உண்மைதான். அது பெர்மிட்டோடு ஓடும் சுற்றுலா வாகனங்களுக்கானது. அந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்

ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும்? அதில் வண்டி வகை என்னவென்று போட்டிருக்கிறது? என்.ஓ.சி. வாங்கித் தருவேன் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு விற்பவர் "பொறவு" என்றால், நீங்களும் பணத்தைப் பொறவு தருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.